புல்வெட்டும் யந்திரம் வாங்குவோர்க்கு

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்குகிற தமிழ்க் குடும்பத்துக்கு, கிருகப்பிரவேசத்துப் பால் பொங்கி இறங்கிய மறு வாரமே வாசலில் வந்து நிற்கும் கடமை ஒன்று உண்டு. வீட்டைச் சுற்றியுள்ள புல்லை வெட்டுவதுதான் அது. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கருக்கரிவாளால் அறுத்து, கட்டாகக் கட்டி, தலைச்சுமையாய்க் கொண்டு வந்து மாட்டுக்குப் போடும் பொருளாகவே புல்லை அறிந்து வளர்ந்தவர்கள், தின்பதற்கு ஒரு ஜீவனும் இல்லாத இடத்தில் அதை விதைத்து, நீர் பாய்ச்சி, உரமிட்டு, வளர்ந்ததும் வாரந்தோறும் வெட்டியாக வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உட்படுகிறார்கள். நிர்ப்பந்தம் என்று சொல்வது மிகையன்று. நியூ ஜெர்ஸியின் பல ஊர்களில் புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் வளரலாகாது என்று ஊர்ச் சட்டமே இருக்கிறது. டெக்ஸாஸில் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் முதலில் கடிதம் எழுதுகின்றன, பிறகு அபராதம் விதிக்கின்றன. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், 1947 முதல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற பெயரால் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி விற்ற லெவிட் நிறுவனம், புல்பருவத்தில் வாரம் ஒரு முறையேனும் புல்லை வெட்ட வேண்டும் என்பதை வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதி வைத்தது. அதே நிறுவனம் 1958இல் நியூ ஜெர்ஸியின் வில்லிங்பரோவுக்கும் வந்தது. இன்று எடிசனிலும் பிளெய்ன்ஸ்பரோவிலும் நம்மவர் வாங்குகிற வீடுகளின் முன்புறம் ஒன்றுபோல் பசுமையாய் இருக்க வேண்டுமென்ற எதிர்பார்ப்பு அந்தக் காலத்தில் வேரூன்றியது.

இந்தப் புல்லின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் கிறிஸ்டினா மிலேஸி என்பவரும் அவர் சகாக்களும் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டு, 2005இல் வெளியிட்டார்கள். வீட்டுத் தோட்டம், பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்ந்து சுமார் 128,000 சதுர கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது. தமிழ்நாட்டின் பரப்பு ஏறக்குறைய 130,000 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஓர் அங்குலம் விடாமல் புல்லை விரித்து அதை வாரம் ஒரு முறை வெட்டுவதாக நினைத்துப் பார்த்தால், இந்த யந்திரத்துக்கு அந்நாட்டில் ஏன் இத்தனை மவுசு, ஏன் இத்தனை பெயர்கள், ஏன் இத்தனை வாதப் பிரதிவாதங்கள் என்பது விளங்கும்.

யந்திரம் வருவதற்கு முன் நெடுங்கைப்பிடி அரிவாளும் ஆடுகளும்தான் இந்த வேலையைச் செய்தன. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1934 வரை செம்மறி ஆடுகள் மேய்ந்து கொண்டிருந்தன. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊருக்கு அருகே எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேற்புறப் பிசிரை மழிக்கும் ஆலைப் பொறியைப் பார்த்து, அதே முறையில் புல்லையும் மழிக்கலாம் என்று கண்டு, 1830இல் காப்புரிமை பெற்றார். அவருடைய பொறியில் உருளையின்மேல் திருகிச் செல்லும் அலகுகள் சுழன்று, கீழே அசையாதிருக்கும் அலகோடு சேர்ந்து கத்தரிக்கோல்போல் புல்லை நறுக்கின. இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது வேறு வகை. தட்டையான ஒற்றைக் கத்தி மூடிக்குள் கிடைமட்டமாகச் சுழன்று, வேகத்தாலேயே புல்லை அறுக்கிறது. 21 அங்குலக் கத்தி நிமிஷத்துக்கு 3,000 தடவை சுழலும்போது அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. முதல் வகையில் புல்லின் வெட்டுவாய் சுத்தமாக இருக்கும். இரண்டாம் வகையில் கத்தி மழுங்கிவிட்டால் புல் அறுபடாமல் கிழிபடும், மறுநாள் நுனிகளெல்லாம் வெளுத்து நிற்கும். இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொள்வது பின்னால் மிகவும் பிரயோஜனப்படும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசல்களில் பிள்ளைகள் வெளியே வரும்வரை காத்து நிற்கும் தகப்பன்மார் பேச்சு, சித்திரை பிறந்ததும் தானாக இந்தப் பக்கம் திரும்புகிறது. "ஹோண்டாவா, டோரோவா? பெட்ரோலா, பேட்டரியா? அண்ணே, நீங்க என்ன வச்சிருக்கீங்க?" என்று புதிதாக வீடு வாங்கியவர் கேட்பார், பத்து வருஷம் புல் வெட்டியவர் பதில் சொல்வார். அவர் சொல்வது அவருடைய புல்லுக்கும் அவருடைய மேட்டுக்கும் உண்மை. கேட்டவர் வீட்டுக்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம். என் அபிப்பிராயத்தில் யந்திரத்தின் பெயரை விசாரிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியவை மூன்று உண்டு: உங்கள் தரையில் வளர்வது எந்தப் புல், யந்திரத்தின் உள்ளே ஓடுவது யாருடைய எஞ்சினோ பேட்டரியோ, பழுதானால் பார்ப்பதற்கு உங்கள் ஊரில் ஆள் யார்.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில்தான் மயக்கம் அதிகம். மூடியின்மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, தயாரித்த ஆலை வேறு, எஞ்சின் செய்தவர் மூன்றாமவர் என்பது இந்த வியாபாரத்தில் சர்வ சாதாரணம். க்ராஃப்ட்ஸ்மன் என்பது சியர்ஸ் கடை 1927இல் தொடங்கிய பெயர். 2017இல் அதை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வாங்கிற்று. கப் கடெட், டிராய்-பில்ட் ஆகிய பெயர்களை வைத்திருந்த ஒஹையோ மாகாணத்து எம்.டி.டி. நிறுவனமும் 2021இல் அதே கைக்குப் போனது. ஆகவே கடையில் மூன்று நிறத்தில் மூன்று பெயரில் நிற்பவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக இருக்கக்கூடும். மினியாபோலிஸில் 1914இல் தொடங்கிய டோரோ, லான்-பாய் என்ற பெயரையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. 1908இல் மில்வாக்கியில் பிறந்து, எத்தனையோ பெயர்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 2020இல் திவால் மனு கொடுத்து, வேறு முதலாளியின் கீழ் தொழிலைத் தொடர்ந்து நடத்துகிறது. பேட்டரி யந்திரங்களில் ஈகோ என்பது சீனாவின் நான்ஜிங்கைச் சேர்ந்த ஷெர்வோன் நிறுவனத்தின் சரக்கு. ஹோம் டிப்போவில் விற்கும் ரியோபி, ஹாங்காங்கின் டெக்ட்ரானிக் நிறுவனத்தினுடையது.

பெயர் எப்படித் தேய்கிறது என்பதற்கு ஸ்னாப்பரின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. ஜார்ஜியாவின் மெக்டனோ என்ற ஊரில், பல வருஷம் உழைக்கும்படி யந்திரம் செய்து, சிறு டீலர்கள் மூலம் விற்றுப் பெயரெடுத்த நிறுவனம் அது. அதன் தலைவராக இருந்த ஜிம் வியர் 2002இல் வால்மார்ட்டின் தலைமையகம் இருக்கும் பெண்டன்வில்லுக்குத் தாமே போய், இனி உங்கள் கடைக்குச் சரக்கு அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். வருஷா வருஷம் விலையைக் குறைத்துக்கொண்டே போகச் சொல்லும் கடைக்கு விற்றால், யந்திரத்தின் தரத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியிராது என்பதும், விற்றபின் பழுது பார்த்துக் கொடுக்கிற டீலர்களை அது நசுக்கிவிடும் என்பதும் அவர் கட்சி. கோடிக்கணக்கான டாலர் வியாபாரத்தை வேண்டாமென்று உதற எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 2004இல் ஸ்னாப்பரின் தாய் நிறுவனத்தை பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் வாங்கியது. பிற்பாடு ஸ்னாப்பர் என்ற பெயர் மறுபடியும் வால்மார்ட்டில் தோன்றிற்று. பாட்டனார் முப்பது வருஷம் வைத்திருந்த யந்திரத்தின் பெயரை நம்பி இன்று அதே பெயரில் ஒன்றை வாங்குகிறவர், அந்தப் பழைய யந்திரத்தைத்தான் வாங்குகிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஜான் டியரிலும் இப்படி ஒரு பேதம் இருக்கிறது. 1963இல் 110 என்ற மாதிரியோடு வீட்டுத் தோட்டத்துக்கான சிறு டிராக்டர்களைச் செய்யத் தொடங்கிய அந்நிறுவனத்தின் பச்சை மஞ்சள் வண்டிகள் பெருங்கடைகளிலும் கிடைக்கின்றன, டீலரிடமும் கிடைக்கின்றன. நிறம் ஒன்றாயினும் டீலர் மட்டும் விற்கும் உயர்ந்த வரிசையின் சட்டமும் சக்கர இயக்கமும் வேறு.

நியூ ஜெர்ஸியின் நிலைமையை இனிப் பார்ப்போம். அங்கே வளர்பவை குளிர் விரும்பும் புற்கள்: கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ். இவற்றின் விதை வளர்ப்பில் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உலகப் பிரசித்தி பெற்றது. அங்கே ரீட் ஃபங்க் என்ற அறிஞர், மேலே சொன்ன சென்ட்ரல் பார்க்கிலிருந்து எடுத்து வந்த செடிகளைக் கொண்டு 'மன்ஹாட்டன்' என்ற ரைகிராஸ் வகையை உருவாக்கி 1967இல் வெளியிட்டார். இந்தப் புற்கள் ஏப்ரல், மே மாதங்களில் வெறி கொண்டு வளரும். மழையோ அடிக்கடி பெய்யும். ஈரம் காயட்டும் என்று ஒரு வாரம் பொறுத்தால் முழங்காலை நோக்கி ஏறிவிடும். எந்த வெட்டிலும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல் வளர்ப்போர் சாஸ்திரம். கடையில் வாங்கும்போது யாரும் யோசிக்காத சோதனை, இந்த நனைந்த, தடித்த வசந்தகாலப் புல்தான். பலவீனமான யந்திரம் அதில் திணறி நின்றுவிடும்; மூடியின் அடியில் ஈரப் புல் அப்பிக்கொள்ளும்; வெட்டிய துகள் வெளியேறாமல் கட்டி கட்டியாகத் தரையில் விழுந்து அடியிலுள்ள புல்லை அழுகச் செய்யும்.

கால் ஏக்கர் என்றால் நம் ஊர்க் கணக்கில் 25 சென்ட், சென்னைக் கணக்கில் நாலரை கிரவுண்டு. அதைவிடச் சற்றுப் பெரிய மனையில், வீடும் பாதையும் போக 10,000 சதுர அடிப் புல் இருந்தால், 21 அங்குல யந்திரத்தை ஒரு வரிசை மற்றொன்றின்மேல் கொஞ்சம் ஏறும்படி ஓட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆகவே தானே நகரும் யந்திரம் வாங்குவது ஆடம்பரமன்று. அதிலும் பின்சக்கரம் இழுப்பதே மேல். பின்னால் மாட்டிய பை நிறைய நிறைய முன்பக்கம் தூக்கிக்கொள்ளுமாதலால், முன்சக்கரம் இழுக்கும் வகை மேட்டில் வழுக்கும். நம் நடையின் வேகத்துக்கேற்ப நகரும் டோரோவின் கைப்பிடியை வைத்திருப்பவர்கள் மெச்சிப் பேசுகிறார்கள்.

ஹோண்டாவை வைத்திருப்பவர்கள் பேசுவதோ வேறு ரகம். அது ஒருவகை பக்தி. பனிக்காலம் முழுவதும் மூலையில் கிடந்துவிட்டு முதல் இழுப்பிலோ இரண்டாவது இழுப்பிலோ கிளம்பும் எஞ்சின், துகளை மேலும் நறுக்கும் இரட்டைக் கத்தி, உயர்ந்த எச்.ஆர்.எக்ஸ். வரிசையில் துருவே ஏறாத பிளாஸ்டிக் மூடி என்று அடுக்குவார்கள். விலை கூடுதல் என்பது ஒன்றே நான் அதிகம் கேட்ட குறை. அந்த ஹோண்டா, வட கரோலினாவின் ஸ்வெப்சன்வில் ஆலையில் நாற்பது வருஷம் போலச் செய்து வந்த புல்வெட்டும் யந்திரத்தை 2023 செப்டம்பரோடு நிறுத்திவிடுவதென்று முன்னதாகவே அறிவித்தது. சுற்றுச்சூழல் சட்டங்கள் கடுமையாகி வருவதும் வாங்குவோர் மனம் மாறி வருவதும் காரணங்கள். பழைய ஹோண்டாவை நல்ல நிலையில் யாரேனும் விற்றால் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, எஞ்சின் பாகங்கள் கிடைக்கும்வரை தாராளமாக வாங்கலாம் என்றே நான் சொல்கிறேன்.

பெட்ரோல் யந்திரம் கிளம்பவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரோ ஆலையோ காரணமன்று. பழைய பெட்ரோலே காரணம். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நவம்பரில் கடைசியாக இலைகளை அரைத்துவிட்டு, தொட்டியில் மிச்சத்தை அப்படியே விட்டு யந்திரத்தை கராஜில் தள்ளியவருக்கு ஏப்ரலில் வினை காத்திருக்கிறது. இதற்கு வைத்தியம் எளிது. ஸ்பார்க் பிளக்கின் வயரை முதலில் கழற்றிவிட்டு, பெட்ரோல் குழாயை அடைத்துக்கொண்டு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டை ஸ்பேனரால் திருகினால் கிண்ணம் கையோடு வரும். அதன் அடியில் மஞ்சள் பழுப்பாய், பழைய வார்னிஷ் நாற்றத்தோடு ஒரு பிசின் படிந்திருப்பதைக் காணலாம். நடுவிலுள்ள பித்தளைக் குழலின் துளை ஊசிமுனை அளவே இருக்கும். அதில் அந்தப் பிசின் அடைத்துக்கொண்டால் கயிற்றை எத்தனை முறை இழுத்தும் பலனில்லை. மின்கம்பியின் ஒற்றை இழையை அதற்குள் செலுத்தி அடைப்பை எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் தெளித்துத் துடைத்து மாட்டினால், குப்பைக்குப் போக இருந்த யந்திரம் உயிர் பெறும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறதென்றால் பெட்ரோலில் ஸ்டெபிலைசர் மருந்தைக் கலப்பதோ, தொட்டியை வற்ற ஓட்டிவிடுவதோ இந்தத் தொல்லையையே வராமல் தடுக்கும். பதினைந்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விலை மலிவாகக் கிடைத்தாலும் இந்தச் சிறு எஞ்சின்களுக்கு ஆகாது. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பெட்ரோலா, பேட்டரியா என்ற கேள்வியின் ரூபமே வேறு. கலிஃபோர்னியாவின் ஏ.பி. 1346 என்ற சட்டத்தில் கவர்னர் நியூசம் 2021 அக்டோபரில் கையெழுத்திட்டார். அதையொட்டி அம்மாகாணத்தின் காற்று வள வாரியம், 2024 மாதிரி ஆண்டு முதல் புதிதாக விற்கும் புல்வெட்டும் யந்திரங்களின் சிறு எஞ்சின்கள் புகையே விடலாகாது என்று விதி செய்தது. ஏற்கெனவே வைத்திருக்கும் பெட்ரோல் யந்திரத்தை உபயோகிக்க இந்த விதி தடையில்லை. புதிதாக வாங்குவதுதான் பேட்டரிப் பக்கம் திரும்பிவிட்டது. தொழில்முறைப் புல்வெட்டும் யந்திரம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால், 2016ஆம் வருஷத்து டொயோட்டா கேம்ரி கார் 300 மைல் ஓடி விடுகிற அளவுக்குப் புகைமூட்டத்தை உண்டாக்கும் நச்சு வாயுக்களை வெளியிடும் என்பது வாரியத்தின் கணக்கு. சிறிய எஞ்சின் சிறிய புகைதானே என்று நினைத்திருந்தவர்களை இந்தக் கணக்கு திடுக்கிடச் செய்தது. நாள் முழுவதும் அந்தப் புகையின் பின்னால் நடந்து கூலி வேலை செய்கிறவர்களின் நுரையீரலை நினைத்தால், சட்டம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஃப்ரீமாண்டிலோ சன்னிவேலிலோ மனையே ஐயாயிரம், ஆறாயிரம் சதுர அடி. அதில் புல் எஞ்சியிருப்பது பின்பக்கத்தில் ஒரு திட்டு. அங்கே ஈகோ, ரியோபி, கிரீன்வொர்க்ஸ் எதை வாங்கினாலும் ஒரு சார்ஜில் வேலை முடிந்துவிடும்; ஆகவே எந்தப் பெயர் என்பதைக் காட்டிலும் எந்தப் பேட்டரி என்பதே முக்கியம். 56 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்கி 420 வாட்-மணி என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வோல்ட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. யந்திரத்தின் கிரயத்தில் பெரும் பகுதி அந்தப் பேட்டரிக்குத்தான். ஈகோ போன்ற நிறுவனம் யந்திரத்துக்கு ஐந்து வருஷமும் பேட்டரிக்கு மூன்று வருஷமும் உத்தரவாதம் தருவதிலிருந்தே எது முதலில் களைத்துப்போகும் என்று ஊகிக்கலாம். ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொன்றின் யந்திரத்தில் பொருந்தாது. முதல் யந்திரத்தை வாங்கியவர், பின்னால் வாங்கும் இலை ஊதி, ஓரம் வெட்டி, கிளை அறுக்கும் ரம்பம் எல்லாவற்றுக்கும் அந்த நிறுவனத்துக்கே வாக்கப்பட்டவராகிறார். அந்தத் திட்டு எழுநூறு சதுர அடிக்குள் இருந்தால், பேட்டரியையும் விட்டுவிட்டு, பட்டிங் கண்ட பழைய உருளை வகையைக் கையால் தள்ளலாம். அமெரிக்கன் லான் மோவர் நிறுவனமும் ஃபிஸ்கார்ஸும் அதை இன்றும் விற்கின்றன. சத்தம் சிறிதும் இல்லை, வெட்டுவாய் சுத்தம், நூறு டாலர் சுமாருக்கே நல்லது கிடைக்கும். ஆனால் பத்து நாள் விட்டுவிட்டு வளர்ந்த புல்லை அது வெட்டாமல் மடக்கிப் போட்டுவிட்டுப் போகும்.

அங்கே புல்லையே எடுத்துவிடலாமா என்ற யோசனையும் வலுத்திருக்கிறது. கடும் வறட்சியின்போது 2015 ஏப்ரலில் கவர்னர் ஜெர்ரி பிரவுன், நகரங்களின் நீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்கவும், 5 கோடி சதுர அடிப் புல்தரையை அகற்றி வறட்சி தாங்கும் செடிகளை நடவும் உத்தரவிட்டார். சாந்தா கிளாரா பள்ளத்தாக்கின் நீர் நிறுவனம் புல்லை எடுப்பவர்களுக்கு மானியம் கொடுக்கிறது. கோடை முழுவதும் ஒரு துளி மழை காணாத பூமியில், குடிக்கும் நீரைப் பாய்ச்சிப் புல் வளர்ப்பது மனத்துக்கு உறுத்துகிறது என்று சொல்லி, அந்த இடத்தில் கறிவேப்பிலைத் தொட்டியும் முருங்கைக் கன்றும் வைத்திருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுக்கு யந்திரமே வேண்டாம்.

டெக்ஸாஸுக்குப் போனால் தமிழர்களுக்கு ஒரு பழைய சிநேகிதர் எதிர்ப்படுகிறார். டல்லஸைச் சுற்றிய ஃபிரிஸ்கோ, பிளேனோ பகுதிகளில் புது வீடுகளின் முன் பாய்போல் விரித்துக் கொடுக்கப்படும் பெர்முடா புல், பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லேதான். தாவர நூலார் இரண்டுக்கும் சைனடான் டாக்டிலான் என்ற ஒரே பெயர் கொடுத்திருக்கிறார்கள். பலர் வைத்திருக்கும் டிஃப்வே போன்ற ஒட்டு வகைகள், அருகம்புல்லோடு ஓர் ஆப்பிரிக்க இனத்தைச் சேர்த்து ஜார்ஜியாவின் டிஃப்டனில் உருவாக்கியவை. விநாயக சதுர்த்திக்கு அதைக் கிள்ளி மாலை கட்டலாம். களைக்கொல்லி தெளித்த புல்லைச் சாறு பிழிந்து குடிக்க மட்டும் யாரும் முற்பட வேண்டாம். அருகு படர்ந்து ஓடும் இயல்புடையது. ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை தாழ்வாக, அடிக்கடி வெட்டினால்தான் அடர்ந்து கம்பளமாகும். உயர விட்டு எப்போதாவது வெட்டினால் அடியிலுள்ள வைக்கோல் நிறத் தண்டுகள் தெரியும். தாழ்வாக வெட்டுவதற்குத் தரை சமமாக இருக்க வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும். இந்தப் புல்லில் மனம் வைத்துவிட்ட சிலர் மணல் தூவித் தரையைச் சமன்செய்து, எஞ்சின் பூட்டிய உருளை யந்திரத்தை வாங்கி, கோல்ஃப் மைதானம்போல் வைத்திருக்கிறார்கள்.

ஹூஸ்டன் பக்கம், கேட்டி, ஷுகர்லாண்ட் வீடுகளில் பெரும்பாலும் அகன்ற இலையுள்ள செயின்ட் அகஸ்டீன். இதை இரண்டரை முதல் நான்கு அங்குலம் உயரத்தில் விட வேண்டும்; அருகம்புல்லுக்கு வெட்டுவதுபோல் ஒட்ட வெட்டினால் வெயிலில் கருகிப் போகும். உயரமும் அடர்த்தியுமாய் நிற்கும் இந்தப் புல்லில், பெட்டியின்மேல் ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கும் பேட்டரி அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடுகிறது என்பது அங்குள்ளோர் பலரும் சொல்லும் அனுபவம். பேட்டரிக்கு டெக்ஸாஸில் இன்னொரு பகை உஷ்ணம். ஆகஸ்டு மாதத்து கராஜ் உலைக்களமாகக் கொதிக்கும். அதற்குள்ளேயே வைத்து, வெட்டிய சூட்டோடு சார்ஜும் போட்டால் பேட்டரியின் ஆயுள் தேய்ந்துவிடும். சுற்றிலும் தீப்பற்றக்கூடிய சாமான் இல்லாத, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைப்பது உத்தமம். அரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைகளுக்கு உட்கார்ந்து ஓட்டும் வண்டி வேண்டும். மரமும் பாத்தியும் நிறைந்த சமதரையானால் நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ-டர்ன் வகை நேரத்தைப் பாதியாக்கும். சரிவான நிலமானால் அந்த வகை ஆபத்து, டிராக்டரே நல்லது. சங்கத்தாரின் கடிதத்துக்குப் பயந்து வறட்சியிலும் நீரைக் கொட்ட வேண்டுமா என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு செய்தி: வறட்சி தாங்கும் செடிகள் வைப்பதைச் சங்கங்கள் அடியோடு தடுக்கலாகாது என்று டெக்ஸாஸில் 2013இலேயே சட்டம் வந்துவிட்டது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை எழுதியதில் அர்த்தமில்லை. நடந்து தள்ளும் யந்திரத்தின் கைப்பிடியை விட்ட மூன்று வினாடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1982இல் அமலுக்கு வந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் கைப்பிடியை விட்டால் எஞ்சினே நிற்கும்படி செய்தன. ஹோண்டாவின் உயர்ந்த மாதிரிகளில் எஞ்சின் ஓட, கத்தி மட்டும் நிற்கும். அந்தக் கைப்பிடியைக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய விபரீதம் வேறில்லை. செருப்போடு புல் வெட்டும் நம் வழக்கமும் உடனே ஒழிய வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர் நடந்து தள்ளும் யந்திரத்தையும் பதினாறுக்குட்பட்டவர் உட்கார்ந்து ஓட்டும் வண்டியையும் தொடலாகாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. தாத்தா மடியில் பேரனை வைத்துக்கொண்டு வண்டியோட்டுவது படத்தில் அழகாக இருக்கலாம், செய்யவே கூடாது.

இவ்வளவும் விசாரித்தபின் எந்தப் பெயர் என்று கேட்டால் பதில் சுலபமாகிறது. 1936 முதல் பொருள்களைச் சோதித்து வரும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், வைத்திருப்போரின் அனுபவத்தையும் கேட்டுத் தொகுக்கிறது. பொது நூலகங்கள் பலவற்றில் அதை இலவசமாகப் படிக்கலாம். அதில் நல்ல மதிப்புப் பெற்ற நாலைந்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஊர்ச் சிறு எஞ்சின் மெக்கானிக்கிடம் போய், இவற்றில் எதற்குப் பாகம் சீக்கிரம் வருகிறது, எது உங்கள் கடைக்கு அதிகம் வருகிறது என்று கேளுங்கள். கடை விளம்பரம் எதிலும் கிடைக்காத உண்மை அவரிடம் கிடைக்கும். பெருங்கடையில் ஐம்பது டாலர் மலிவாக வாங்கிய யந்திரத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. பாகம் வராத யந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாடிக்கைக்காரரிடம் ஏச்சு வாங்க அவருக்கு என்ன தலையெழுத்து? ஆள் வைத்து வெட்டினால் ஒரு முறைக்கு 40, 50 டாலர் ஆகும் ஊரில், 20 டாலர் கொடுத்துக் கத்தி தீட்டுவதையும், வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெயும் ஸ்பார்க் பிளக்கும் காற்று வடிகட்டியும் மாற்றுவதையும் வீண் செலவென்று எண்ணுவதற்கில்லை.

நியூ ஜெர்ஸிக்காரர்கள் இந்த வேலையை ஏப்ரல் வரை தள்ளிப் போட வேண்டாம். முதல் வெயில் அடித்த வாரம் ஊரே யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகும். வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஜனவரியில், பனி கொட்டிக் கிடக்கும்போது கொண்டு போனால் அவருக்கும் கை சும்மா இருக்கும், நிதானமாகப் பார்ப்பார். போகும்போது மூடியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணையும் எஞ்சின்மேல் பொறித்திருக்கும் எண்ணையும் தனித்தனியே படம் பிடித்துக்கொண்டு போங்கள். கத்தியும் பெல்ட்டும் முதல் எண்ணுக்கு வரும். கார்புரேட்டரும் வடிகட்டியும் இரண்டாவது எண்ணுக்கு வரும்.